ஊசிமுனையில் உயிர் காத்த ஹாப்கின்

நம் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வரைவோர் புலவர், புரவலர், விடுதலை வீரர் ஆகியோரின் வரலாறுகளையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வர். அது நல்ல வழக்கமே. இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பெரியாரோ தமிழரல்லர், இந்தியரல்லர், இந்நாட்டை ஆண்ட ஆங்கிலேயர் குலத்திற் பிறந்தவருமல்லர். கருங்கடற் கரையைச் சேர்ந்த ஒரு யூதர். வால்டெமர் ஹாப்கின் என்பது அவர் பெயர். காலரா, பிளேக் என்னும் இரு பெருங் கொள்ளைநோய்கட்கும் தடுப்பு மருந்து செய்து, அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்து, பின்னரே பிறருக்கு வழங்கியவர் அவர்.

இப்பெயரை நம் காலனியில் அறிந்தோர் சிலரே. பிளேக் மாரியம்மனை அறிந்தோரோ பலர். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய அன்பர்கள் தம் ஊர்க் கோயிலை நினைத்துக்கொள்வர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தோர் இந்நகரில் அதே பெயரில் விளங்கும் சிறு கோயில்களை நினைத்துக்கொள்வர். ஒரு நோயின் பெயராலேயே தெய்வத்தை அழைத்து மக்கள் கைகூப்பி நின்றார்கள் என்றால், அந்நோய் எத்துணைக் கொடியதாய் இருந்திருத்தல் வேண்டும்! அக்காலத்தில் ஊசியும் மருந்துமாய் மக்களிடையே நின்ற மனிதரைப் பற்றியும் நம் பிள்ளைகள் சிறிது அறிந்துகொள்ளட்டும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வே கணக்குப் புத்தகத்தில் அமர்ந்தவர்கள். வைத்திய சாஸ்திரம் கற்றவரல்லர். கற்றவர் குறை கண்டால் பொறுத்தருள்க.

ஹாப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், அக்காலத்தில் ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டும் இக்காலத்தில் உக்ரைன் நாட்டைச் சேர்ந்தும் உள்ள ஒடெஸ்ஸா நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவர் மெச்னிகாவ் என்னும் பேரறிஞர். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர். 1881இல் அந்நகரில் யூதர்களை வீடு வீடாய்ப் புகுந்து தாக்கும் கலகம் மூண்டபோது, தம் இனத்தாரைக் காக்கத் திரண்ட இளைஞருள் ஹாப்கினும் ஒருவர். அதற்காகச் சிறைப்பட்டார். ஆசிரியர் பரிந்து பேசியதனால் விடுதலை பெற்றார்.

படிப்பில் முதல்வராய் விளங்கியும் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. யூத சமயத்தைக் கைவிட்டு ருஷ்யக் கிறித்துவத்தைத் தழுவினால் பதவி உண்டு என்பது அக்கால நிபந்தனை. அவர் மறுத்துவிட்டார். ஊரில் இருந்த விலங்கியல் பொருட்காட்சிசாலையில் ஒரு சிறு வேலையோடு பல ஆண்டுகளைக் கழித்தார். பின்பு 1888இல் தாய்நாட்டை விட்டு வெளியேறி ஸ்விட்சர்லாந்துக்கும், அடுத்த ஆண்டு பாரிஸ் நகருக்கும் சென்றார். பாரிஸில் புகழ்பெற்ற பாஸ்டர் ஆராய்ச்சிசாலையில் அப்போது காலியாக இருந்தது நூலகத்தில் ஓர் உதவியாளர் வேலைதான். தயங்காது அதனை ஏற்றுக்கொண்டார். பகலில் புத்தகங்களை அடுக்கினார். ஒழிந்த நேரத்தில் கிருமிகளை வளர்த்தார். பிறந்த ஊரில் இடமின்றி வெளியூரில் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டு மேலெழுந்த வரலாறு நம் காலனியில் வீட்டுக்கு ஒன்று உண்டாகலின், இப்பகுதியை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அக்காலத்தில் உலகை நடுங்க வைத்த நோய் காலரா. நம் முன்னோர் வாந்திபேதி என்று அழைத்தது அதுவே. காலையில் நலமாயிருந்தவர் மாலையில் பிணமாவார். 1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து, அந்நோய்க்கு வித்தான கிருமி குடிநீர் வழியாய்ப் பரவுவதை உறுதி செய்திருந்தார். கிருமியைக் கண்டாயிற்று, அதனைத் தடுப்பது எங்ஙனம்? ஹாப்கின் அக்கிருமியை ஆராய்ச்சிசாலையில் வளர்த்து, ஒரு பகுதியின் வீரியத்தைக் குறைத்தும் ஒரு பகுதியின் வீரியத்தை மிகுவித்தும் இருவகை மருந்து செய்தார். குறைந்ததை முதலிலும் மிகுந்ததைச் சில நாள் கழித்தும் செலுத்தினால் உடல் நோயை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. முயல்களிலும் எலியினங்களிலும் சோதித்தார். மனிதரில் எவரைச் சோதிப்பது? 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் தம் உடலிலேயே ஊசியை ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் கண்டது, தணிந்தது. பின்னர் அவருடைய நண்பர் மூவர் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர்.

மருந்து கிடைத்தும் அதனை ஏற்பார் இலர். அவர் பிறந்த ருஷ்ய நாட்டிலேயே காலரா பரவிக்கொண்டிருந்தது. அந்நாட்டு அரசு அவரை அழைக்கவில்லை. சீயம் நாட்டுக்குச் செல்ல எண்ணினார். அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராயிருந்த டப்ரின் பிரபு, முன்னர் இந்தியாவில் வைசிராயாக இருந்தவர், இந்தியாவுக்குச் செல்லுமாறு அவரைத் தூண்டினார். இவ்வாறு 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹாப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார்.

அவரை வரவேற்றவர் குறைவு, ஐயுற்றவர் மிகுதி. வைத்தியப் பட்டம் பெறாத ஒருவர் வைத்தியருக்கு வழிகாட்டுவதா என்று துரைமாருள் பலர் முகஞ்சுளித்தனர். ருஷ்ய நாட்டிலிருந்து வந்தவராதலால் ஒற்றராயிருப்பாரோ என்றும் சிலர் கிசுகிசுத்தனர். வெள்ளைக்காரர் ஊசியில் என்ன விஷம் இருக்கிறதோ என்று மக்களும் அஞ்சினர். கல்கத்தாவின் சுகாதார அதிகாரி டாக்டர் சிம்ப்ஸன் அவருக்குத் துணை நின்றார். 1894இல் அந்நகரத்து ஏழைச் சேரி ஒன்றில் காலரா தோன்றியபோது, அங்கு வாழ்ந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன் பின்னர் அச்சேரியில் நோய் கண்டவர்கள் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே.

இங்கே ஒன்றைக் கூற வேண்டும். ஒரே சேரியில், ஒரே கிணற்று நீரைக் குடித்து வாழும் மக்களில் ஊசி போட்டுக்கொண்டவர் இத்தனை, போட்டுக்கொள்ளாதவர் இத்தனை, இருபாலாரில் நோயுற்றவர் இத்தனை என்று ஹாப்கின் இரண்டு பத்தியாகக் கணக்கு வைத்தார். ஊசி போட்டவர் பிழைத்தார் என்று மட்டும் சொல்லி அவர் நிறைவடையவில்லை. போடாதவர் என்ன ஆனார் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைத்தார். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அவருடைய பெருமை மருந்தைக் காட்டிலும் இந்தப் பேரேட்டிலேதான் மிகுதியாய் விளங்குகிறது. வரவு மட்டும் எழுதி பற்று எழுதாத ஏடு ஏடாகுமோ?

இரண்டரை ஆண்டுக் காலம் வட இந்தியா முழுதும் சுற்றி ஏறத்தாழ 42,000 பேருக்கு ஊசி போட்டார். எவரையும் வற்புறுத்தவில்லை. முடிவில் மலேரியாக் காய்ச்சல் அவரை வீழ்த்தியது. 1895இல் உடல் தேற ஐரோப்பாவுக்குச் சென்று, மறு ஆண்டே திரும்பினார்.

திரும்பிய ஆண்டில்தான் பம்பாயில் பிளேக் புகுந்தது. 1896 செப்டம்பரில் மாண்டவி என்னும் துறைமுகப் பகுதியில் தானிய மண்டிகளின் நடுவே அது தலைகாட்டிற்று. ஹாங்காங்கில் 1894இல் பெருங்கேடு விளைத்த அதே நோய், கப்பலேறி வந்ததென்பர். கடுங்காய்ச்சல், அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும், சில நாட்களில் சாவு. நகர மக்களில் பல லட்சம் பேர் ரயிலேறி ஓடினர். ஓடியவரோடு நோயும் ஓடிற்று.

அக்டோபர் மாதம் ஹாப்கின் பம்பாய் வந்து சேர்ந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கிடைத்தன. உதவிக்கு ஒரு குமாஸ்தாவும் மூன்று பியூன்களும். உலகை மிரட்டிய நோய்க்கு மருந்து காண அமைந்த படை இவ்வளவே. அந்தக் குமாஸ்தாவின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை என்பதைக் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நாம் சற்றே பெருமூச்சோடு குறிப்பிடுகின்றோம்.

மருந்து செய்த முறை நம் வீட்டுப் பெண்டிருக்கும் விளங்கக் கூடியது. இறைச்சிச் சாற்றில் கிருமியை வளர்க்க வேண்டும். மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் இந்நாட்டினர் வெறுப்பர் என்று அறிந்து அவர் ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். சாற்றின் மேல் சில துளி நெய் விடுவார். மிதக்கும் நெய்த்துளியைப் பற்றிக்கொண்டு பிளேக் கிருமி ஆலம் விழுதுபோல் கீழ்நோக்கித் தொங்கி வளரும். குடுவையை அசைத்தால் விழுது உதிரும், மீண்டும் வளரும். சில வாரங்கள் சென்றபின், 65 முதல் 70 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்துக் கிருமிகளைக் கொன்று, சிறிது கார்பாலிக் திராவகம் சேர்த்துப் புட்டியில் அடைப்பார்கள். செத்த கிருமி நோய் தராது. ஆயின் அதனைக் கண்ட உடல், உயிருள்ள கிருமி வரும்போது எதிர்த்து நிற்கப் பழகியிருக்கும்.

அல்லும் பகலும் உழைத்து மூன்றே மாதத்தில் மருந்தை முடித்தார். 1897 ஜனவரி 10ஆம் நாள் பத்து கன சென்டிமீட்டர் மருந்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். பின்னாளில் பிறர்க்கு அளித்த அளவைப் போல் நான்கு மடங்கு இது. காய்ச்சலும் வலியும் கண்டும் வேலையை நிறுத்தினாரில்லை. அதன்பின் கல்லூரி ஆசிரியரும் மாணவரும் நகரப் பெரியோரும் தாமே வந்து ஊசி போட்டுக்கொண்டனர்.

அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறைச்சாலையில் பிளேக் தோன்றிற்று. கைதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர், 150க்குச் சற்று மேற்பட்டவர், ஊசிக்கு இசைந்தனர். அவர்களுள் முன்னரே நோய் தொற்றியிருந்த மூவர் இறந்துபட்டனர். எஞ்சியோரில் இருவருக்கு மட்டுமே பின்னர் நோய் கண்டது, அவர்களும் பிழைத்தனர். ஊசி போடாத மறுபாதியில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் மாண்டனர். சிறையில் அடைபட்டவனின் இசைவு எவ்வளவு தூரம் இசைவாகும் என்று இன்றைய அறிஞர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே அது. எனினும் பாதிப் பேர் மறுத்தார்கள் என்பதும், மறுத்தவரை விட்டுவிட்டார்கள் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கின்றன.

சர்க்கார் செய்தது வேறு. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று பிறந்தது. அதன் பலத்தால் சிப்பாய்கள் வீடுகளுக்குள் நுழைந்தனர், பெண்டிரையும் சோதித்தனர், நோயாளியைத் தூக்கிச் சென்றனர், தட்டுமுட்டுப் பொருள்களைத் தெருவிலிட்டுக் கொளுத்தினர். ரயில் நிலையங்களில் பிரயாணிகளை இறக்கி வரிசையில் நிறுத்தி அக்குளைத் தடவிப் பார்த்தனர். பூனாவில் மக்களின் சினம் பொங்கி, பிளேக் அதிகாரி ராண்டு என்பவர் அவ்வாண்டு ஜூன் மாதம் சுடப்பட்டார். அதே பூனாவில், நோயுற்ற ஏழைகளைத் தம் கையால் தூக்கிச் சென்று பேணிய சாவித்திரிபாய் புலே அம்மையார் அந்நோய்க்கே இரையானதும் அவ்வாண்டில்தான். ஹாப்கினுடைய ஊசி கட்டாயமாக்கப்படாதிருந்தும், சர்க்கார் மேலிருந்த ஐயம் அதன்மேலும் படர்ந்தது. ஊசி ஒரு கஜ நீளம் என்றும், போட்டவுடன் ஆள் சாவான் என்றும், பிழைத்தால் ஆண்மை போய்விடும் என்றும் வதந்திகள் உலவின. 2021இல் நாம் கேட்ட பேச்சுக்கள் சில நூற்றிருபது ஆண்டுப் பழமை வாய்ந்தவை என்பது நகைப்புக்கும் உரியது, வருத்தத்துக்கும் உரியது. அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டமே 2020 மார்ச்சு மாதத்திலும் மாநிலங்களால் எடுத்தாளப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்க.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். பம்பாயில் மூண்ட தீ தெற்கு நோக்கிப் படர்ந்து ஹுப்ளியையும் தார்வாரையும் பற்றிற்று. ஹுப்ளியிலிருந்து ஹரிஹரம் வழியாகப் பெங்களூருக்கு மீட்டர்கேஜ் பாதை அப்போது இருந்தது. 1898 ஆகஸ்டு மாதம், அவ்வழியே ரயிலில் வந்த ஒருவரோடு பிளேக் இந்நகருக்குள் அடியெடுத்து வைத்தது. அவர் ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவரின் வேலையாள் என்பர். எனவே இந்நகரத்தின் பிளேக் வரலாறு நம் இலாகாவின் வாசலிலேயே தொடங்குகிறது.

அப்பொழுது எவருக்கும் தெரியாதிருந்த செய்தி ஒன்று உண்டு. பிளேக் முதன்மையாக எலியின் நோய். எலி செத்தபின் அதன்மேல் வாழ்ந்த தெள்ளுப்பூச்சி வேறு இரை தேடி மனிதரைக் கடிக்கும். கடிவாய் வழியே கிருமி உட்புகும். 1898இல் சிமாண்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் கராச்சியில் இதனைக் கண்டறிந்து கூறினார், நம்புவாரில்லை. 1905க்குப் பின்னர் பம்பாயில் கூடிய ஆராய்ச்சிக் குழுவினர் மெய்ப்பித்த பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. பிரயாணியின் அக்குளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், தானிய மூட்டைக்குள் எலியும் தெள்ளுப்பூச்சியும் டிக்கெட்டின்றிப் பிரயாணம் செய்துகொண்டிருந்தன. கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தோர் இதனை எளிதில் மனக்கண்ணாற் காணலாம். எலி கடித்த மூட்டை என்று ரசீதின் ஓரத்தில் நாம் குறிப்பெழுதும்போது, நஷ்டஈட்டுத் தொகை ஒன்றே நம் கண்முன் நிற்கும். அந்த எலி எங்கிருந்து ஏறிற்று என்று எவரும் கேட்பதில்லை.

நெருக்கமான பேட்டைத் தெருக்களிலும், நம் தமிழ் மக்கள் பெருவாரியாய் வாழ்ந்த கண்டோன்மெண்டுப் பகுதியிலும் சாவு மிகுந்தது. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினர். தடுப்பூசியும் வந்தது, ஹுப்ளியில் முன்னரே பல்லாயிரவர் போட்டுக்கொண்டிருந்தனர். ஊசி போட்டுக்கொண்டவர்க்குச் சான்றுச்சீட்டு வழங்கி, பிரயாணக் கெடுபிடிகளிலிருந்து விலக்களிக்கும் முறையும் அந்நாளில் ஏற்பட்டது.

அக்காலத்தில் மைசூர் சமஸ்தான வைத்திய இலாகாவில் இருந்து பெங்களூரில் பணியாற்றியவர் டாக்டர் பல்பு. அம்மைப்பால் தயாரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவர். பிளேக் பரவியபோது உயிரைப் பொருட்படுத்தாது நோயாளர் நடுவே உழைத்தவர். திருவனந்தபுரத்தில் பிறந்த அவர் ஈழவ வகுப்பினர் என்ற காரணத்தால் திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை தர மறுத்தது. சென்னையில் வைத்தியம் பயின்று இங்கு வந்து சேர்ந்தார். ஒடெஸ்ஸாவில் சமயம் தடுத்தது; திருவனந்தபுரத்தில் சாதி தடுத்தது. தடுக்கப்பட்ட இருவரும் ஒரே நோயை ஒரே காலத்தில் எதிர்த்து நின்றார்கள். பல்பு அவர்களின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. மலையாள அன்பர் எவரேனும் எழுதித் தந்தால் அடுத்த மலரில் இடுவோம்.

நோய் ஓராண்டில் ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுதோறும் திரும்பித் திரும்பி வந்தது. அதன் தடம் இன்றும் நகரின் வரைபடத்தில் இருக்கிறது. முன்னரே திட்டமிட்டிருந்த பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் மக்கள் விரைந்து குடியேறியதற்குப் பிளேக் அச்சமே பெருங்காரணம். கண்டோன்மெண்டு நெரிசலைக் குறைக்க, காற்றும் வெளிச்சமும் புகும்படி இடைவெளி விட்டு அமைத்த புதுப்பகுதியே பிரேசர் டவுன். இன்றைய பெயர் புலிகேசி நகர். அங்கே குடியிருக்கும் நம் உறுப்பினர் தம் தெருக்கள் நேராய் இருப்பதன் காரணத்தை இதனால் அறியலாம்.

ஹாப்கினின் புகழ் உச்சிக்கு ஏறிற்று. 1897இல் விக்டோரியா அரசியார் பட்டம் அளித்தார். ஆகா கான் அவர்கள் தாமே பன்முறை ஊசி போட்டுக்கொண்டு தம் கூட்டத்தாருக்கு வழிகாட்டியதோடு, மருந்து தயாரிக்கத் தம் மாளிகையையும் தந்தார். 1899 ஆகஸ்டில் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகை அவருடைய ஆராய்ச்சிசாலையாயிற்று. விருந்தும் நடனமும் நிகழ்ந்த கூடத்தில் குடுவைகள் நிறைந்தன. இந்தியாவின் பல பகுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அங்கிருந்து மருந்து சென்றது.

இத்தகைய வேளையில்தான் இடி விழுந்தது. 1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூரில் (இன்று பாகிஸ்தானில் உள்ளது) 107 பேருக்கு ஊசி போட்டனர். ஐந்து புட்டி மருந்து செலவாயிற்று. சில நாட்களில் 19 பேருக்கு ரணஜன்னி கண்டது. பத்தொன்பது பேரும் மாண்டனர். அனைவரும் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர். மற்ற நான்கு புட்டிகளிலிருந்து பெற்றவர் எவருக்கும் தீங்கில்லை.

விசாரணைக் குழு அமைந்தது. பரேலிலேயே புட்டிக்குள் நச்சுக் கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று அக்குழு முடிவு கூறிற்று. தேவை பெருகியதால் விரைந்து மருந்து செய்யும் பொருட்டு ஹாப்கின் கார்பாலிக் சேர்ப்பதை விடுத்து, பாரிஸில் வழக்கத்திலிருந்த வேறு முறையைக் கையாண்டிருந்தார். பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டு, 1904இல் இந்தியாவை விட்டுச் சென்றார். பல்லாயிரம் உயிர் காத்த கை பத்தொன்பது உயிரைப் பறித்தது என்று ஊர் பேசிற்று.

உண்மை யாது? முல்கோவாலில் அந்தப் புட்டியைத் திறந்தபோது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனை எடுத்து, முறைப்படி கிருமி நீக்காமல், புட்டியின் தக்கையைப் பிடுங்கினார். ரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. மேலும், பல நாள் முன்னரே கெட்டிருந்தால் புட்டியில் நாற்றம் இருந்திருக்கும். திறந்த வைத்தியரோ முகர்ந்து பார்த்து நாற்றமில்லை என்றே கண்டிருந்தார். இவையெல்லாம் விசாரணை ஏட்டிலேயே இருந்தும் அவ்வேடு 1906 வரையில் வெளியிடப்படவில்லை. வெளிவந்தபின் அறிஞர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர், மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்ட சர் ரொனால்டு ராஸ். அவரும் நம் ஊருக்கு அந்நியரல்லர். 1895இல் காலராத் தடுப்புப் பணிக்காகப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டவர். ராஸும் மற்றும் ஒன்பது அறிஞரும் கையொப்பமிட்ட கடிதம் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் சர்க்கார் ஹாப்கினைக் குற்றமற்றவர் என ஒப்பி, மீண்டும் வேலைக்கு அழைத்தது.

அழைத்தது உண்மை; ஆயின் பரேலுக்கு அழைக்கவில்லை. அங்கே வேறொருவர் தலைவராகிவிட்டார். கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிசாலையை அவருக்குக் கொடுத்தனர். மக்களிடம் சென்று மருந்தைச் சோதிக்கும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. ஐந்தாண்டுகள் பறித்துக்கொண்டதற்கு இது ஈடாகுமா என்பதை வாசகர்களே முடிவு செய்க. நம் கணக்கில் ஆகாது. 1915இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார்.

அவர் மருந்தோ ஓயவில்லை. 1897 முதல் 1925 வரையில் பம்பாயிலிருந்து 2 கோடியே 60 லட்சம் ஊசிகளுக்குரிய மருந்து வெளியே சென்றது. அம்மருந்து நோயை முற்றிலும் தடுத்தது என்று சொல்வதற்கில்லை. சாவைப் பாதியாகவும் அதற்கு மேலும் குறைத்தது என்றே சோதனைகள் காட்டின. அவ்வளவு இருந்தும் இந்தியாவில் பிளேக்கினால் மாண்டோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர். ஊசி எட்டாத ஊர்களே மிகுதி.

இந்நோய் மடிந்துபோன பழங்கதையன்று. நம் அண்டையில் கோலார் மாவட்டத்து முள்பாகல் பகுதியில் 1966இல் மனிதருக்கு நோய் கண்டது. அதன்பின் 28 ஆண்டுகள் நாடெங்கும் அமைதி. 1994இல் சூரத்தில் மீண்டும் வெடித்தபோது, நாம் பள்ளிச் சிறுவர். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு லட்சக்கணக்கானோர் அந்நகரை விட்டு ரயிலேறிய காட்சியைச் செய்தித்தாளில் பார்த்தோம். அப்போது டெட்ராசைக்ளின் முதலிய மருந்துகள் இருந்தமையால் சாவு ஐம்பத்து சொச்சத்தோடு நின்றது. காட்டெலியிடமும் வயலெலியிடமும் அக்கிருமி இன்னும் வாழ்கிறது. ஆகவேதான் எலிகளைப் பிடித்துச் சோதிப்பதற்கென்றே பெங்களூரில் மத்திய அரசின் நிலையம் ஒன்று அமைந்தது. 1957இல் இதே மாநிலத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழ, முன்பின் அறியாத காய்ச்சல் ஒன்று புதிதாய்த் தோன்றியதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். பழையது திரும்புகிறது, புதியது பிறக்கிறது. 2020 மார்ச்சு 22 முதல் பிரயாணி வண்டிகள் நின்று, சரக்கு வண்டிகள் மட்டும் ஓடிய நாட்களில், ஆளரவமற்ற பிளாட்பாரத்தைக் கடந்து நாம் வேலைக்குச் சென்றபோது, 1898இன் பெங்களூர் நமக்கு அவ்வளவு தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஹாப்கின் மணஞ்செய்துகொள்ளவில்லை. முதுமையில் தம் சமயத்து நெறிகளை மிக்க கண்டிப்போடு போற்றி, முதலில் பாரிஸிலும் பின்னர் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரிலும் தனியே வாழ்ந்தார். 1925இல் பரேல் ஆராய்ச்சிசாலைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அச்செய்தி அவர் உயிரோடிருக்கும்போதே எட்டியது ஓர் ஆறுதல். 1930 அக்டோபர் 26ஆம் நாள் லோசானில் காலமானார். எந்தச் சமயத்தைக் கைவிட மறுத்ததால் வேலை இழந்தாரோ, அந்தச் சமயக் கல்வியைக் கிழக்கு ஐரோப்பாவில் வளர்க்கும் பள்ளிகளுக்கே தம் சேமிப்பை எழுதி வைத்தார்.

1964இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது. அதன் பிரதி ஒன்றை நாம் தேடிப் பெற்றுச் சங்கத்து நூல்நிலையத்தில் கண்ணாடிச் சட்டத்திலிட்டு வைத்துள்ளோம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குமேல் சிறுவர்கள் வந்து பார்க்கலாம்.